மூன்றாவது வரிசையில் மதினி

மைக்கை என் உயரத்துக்கு இறக்கிக்கொண்டே கூட்டத்தைப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே, மதினி உட்கார்ந்திருந்தார்.

அரக்கு நிறச் சேலை. மடியில் மஞ்சள் பை. விழாக்காரர்கள் வரவேற்பில் கொடுத்த ரோஸ்மில்க்கை உறிஞ்சிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதினி என்றால் என் கணவரின் அக்கா. பெயர் தங்கம். சோழவந்தானில் கொடிக்கால் வைத்து வெற்றிலை விவசாயம் பார்க்கிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். அன்று நான் பேசப் போயிருந்ததும் சோழவந்தானில்தான். ஒரு கல்யாண மண்டபத்தில் உள்ளூர் வியாபாரிகள் சங்கத்தின் குடும்ப விழா. ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி இருக்கும். பட்டிமன்றத் தலைப்பு, 'பெண்களின் நேரத்தை அதிகம் விழுங்குவது சீரியலா, செல்போனா?' நான் 'சீரியலே' அணியில் இரண்டாவது பேச்சாளர்.

முதல் நாள் காலையில் மதினியிடம் போனில் கேட்டிருந்தேன். "நாளைக்கு விழாவுக்கு வருவீகளா மதினி?"

"கொடிக்கால்ல அம்புட்டு வேலை கெடக்கு. அந்தக் கூட்டத்துல எவ போயி உக்காருவா?" என்றார். எனக்கு அப்போது எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதைச் சொன்னால் வெட்கக்கேடு.

நடுவர் என்னை அழைக்கும்போது சும்மா அழைக்கவில்லை. "இப்ப நம்ம செல்வராணி டீச்சர் வர்றாங்க. அந்தக் கரண்டு போன நாத்தனா கதையச் சொல்லாம அவங்கள மேடையவிட்டு எறங்க விடாதீங்க" என்று சொல்லித்தான் அழைத்தார். கூட்டம் கைதட்டியது. நாலைந்து பேர் விசில் அடித்தார்கள்.

அந்த நாத்தனார்தான் மூன்றாவது வரிசையில் ரோஸ்மில்க் குடித்துக்கொண்டிருந்தார்.

நோட்டும் கையுமாக

மதுரையில் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் தமிழ் நடத்தியவள் நான். விடுமுறை நாட்களில் பட்டிமன்றம் பேசுவேன். தமிழ் டீச்சர் என்றால் என்னென்ன பிடிக்கும், என்னென்ன பிடிக்காது என்று ஊரே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பழைய பாட்டுதான் பாட்டு என்று சொல்லவேண்டும். புதுப்படம் என்றால் பெருமூச்சு விடவேண்டும். சீரியல் என்றால் முகம் சுளிக்கவேண்டும்.

நானும் சுளித்தேன். சுளித்தபோதெல்லாம் கைதட்டல் வந்தது.

ஆனால் ஒரே கேலியை எத்தனை ஊரில் சொல்வது? புதுச் சரக்கு வேண்டுமே என்று, ஒரு சீரியலைத் தேர்ந்தெடுத்து நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன். அதன் பெயர் இங்கே வேண்டாம். மூன்று கொழுந்தன்மார் உள்ள ஒரு கூட்டுக்குடும்பம், அங்கே வாக்கப்பட்டு வந்த தையல் தெரிந்த ஒரு பெண், அவளை ஒரு ஆளாகவே மதிக்காத மாமியார். இதுதான் கதை.

அந்த நோட்டு இன்னமும் என்னிடம் இருக்கிறது. முதல் பக்கத்தில், 'தூங்கும்போதும் நகை கழற்றுவதில்லை' என்று எழுதியிருக்கிறேன். 'பாலில் மருந்து. யார் குடிப்பார் என்று தெரிய நாலு நாள்.' 'ஒரே முகத்தை மூன்று தடவை காட்டுகிறார்கள்.' இப்படி ஏழெட்டுப் பக்கம். மூன்றாவது மாதம் ஒரு தேதிக்குக் கீழே 'பாவம்' என்று ஒரே ஒரு சொல். அதற்குப் பிறகு நோட்டு காலியாகக் கிடக்கிறது.

அன்றிலிருந்து நான் சும்மா பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

யாராவது கதவைத் தட்டினால் செய்திச் சேனலுக்கு மாற்றிவிடுவேன். பழைய மாணவிகள் வந்தால் டிவியையே அணைத்துவிடுவேன். என் கணவரைப் பற்றி இந்தக் கட்டுரைத் தொடரில் அதிகம் எழுத வேண்டாம் என்று அவரே கேட்டிருக்கிறார். ஆகவே ஒன்று மட்டும் சொல்கிறேன். கப்பலூரில் பைப் கம்பெனி வேலை முடிந்து ஏழு மணிக்கு வீட்டுக்கு வருபவர், சரியாக ஏழரைக்குப் பேப்பரை விரிப்பார். எட்டு மணிவரைக்கும் ஒரு பக்கம்கூடத் திரும்பாது.

மூன்று தடவை காட்டப்படும் முகம்

என் அபிப்பிராயத்தை இங்கே எழுதியே வைத்துவிடுகிறேன். நல்ல சீரியல் நல்ல இலக்கியத்துக்கு எந்த விதத்திலும் குறைந்தது இல்லை. இதைச் சொன்னதற்காக ஒரு பேராசிரியை என்னோடு பேசுவதையே குறைத்துக்கொண்டார்.

குறைகள் எனக்கும் தெரியும். கதாநாயகி அளவுக்கு மீறி நல்லவளாக இருக்கிறாள். கடத்தல் வரும்போதெல்லாம் எனக்கும் கொட்டாவி வருகிறது. ஆனால் ஒரு சினிமாவில் மருமகளுக்கு எத்தனை காட்சி கிடைக்கும்? பூ வைத்துக்கொள்ள ஒன்று, அழுவதற்கு ஒன்று. இங்கே ஒரு பெண் குழம்பைத் தாளித்துக்கொண்டே யோசிப்பதை ஐந்து நிமிடம் நின்று பார்க்கிறார்கள்.

அந்த மூன்று தடவை காட்டப்படும் முகத்தையும்தான் சொல்கிறேன். நான் அதை நடித்துக் காட்டியே பேர் வாங்கியவள். கழுத்தை மூன்று முறை வெட்டித் திருப்பினால் போதும், கூட்டம் உருளும். ஆனால் யோசித்துப் பாருங்கள். பந்தியில் பத்துப் பேர் முன்னால் ஒருவர் உங்களை ஒரு சொல் சொல்லிவிட்டால், அது ஒரு தடவைதான் கேட்குமா? பாத்திரம் விளக்கும்போது கேட்கும். படுத்த பிறகு கேட்கும். பத்து வருடம் கழித்து பஸ்ஸில் போகும்போது கேட்கும். மூன்று தடவை என்பது குறைச்சல் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

கேட்காமல் விட்ட ஒரு வார்த்தை

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

என் மகள் பெரியவளானபோது சடங்கு வைப்பதில்லை என்று முடிவெடுத்தேன். பந்தல் போட்டு, மைக் கட்டி, ஊருக்கெல்லாம் அறிவிக்கிற விஷயமா அது? மகளும் வேண்டாம் என்றாள். என் கணவர் வழக்கம்போல என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். வீட்டோடு ஒரு பாயசம். அவ்வளவுதான்.

எங்கள் பக்கம், பிள்ளைக்கு முதல் தண்ணீர் ஊற்றுகிற உரிமை அத்தைக்கு. மதினி அதற்காக வருடக்கணக்காகக் காத்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது. பட்டுப்பாவாடை எடுத்து பீரோவில் வைத்திருந்தாராம். விஷயம் மூன்று வாரம் கழித்து யாரோ சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது.

நேராக பஸ் ஏறி வந்தார். வாசலிலேயே நின்றார்.

"சடங்கு வைக்கிறதும் வைக்காததும் உன் இஷ்டம். நீ படிச்சவ. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"இதுல கேக்குறதுக்கு என்ன மதினி இருக்கு?" என்றேன்.

இந்த வாக்கியத்தைத்தான் நான் பிறகு பஸ்ஸில் போகும்போதெல்லாம் கேட்டேன். மதினி தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனார். அதோடு ஒன்பது வருடம் பேச்சு இல்லை. துக்க வீடுகளில் எதிரெதிரே உட்கார்ந்திருப்போம். என் கணவர் மட்டும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தனியாகப் போய் வருவார்.

கரண்டு போனது

சீரியல் தொடங்கிச் சில மாதங்கள் ஆகியிருக்கும். மழைக்காலம். ஏழே முக்காலுக்கு என் கணவரின் போன் அடித்தது. அன்று மழையில் நனைந்து தாமதமாக வந்தவர், குளிக்கப் போயிருந்தார். எடுத்துப் பார்த்தால் 'அக்கா' என்று இருந்தது. யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதோ என்ற பயத்தில்தான் எடுத்தேன்.

"தம்பி இல்லையா?"

"குளிக்கிறாக."

அங்கே ஓட்டின் மேல் மழை அடிக்கிற சத்தம். வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. என் பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது அவருக்குக் கேட்டிருக்கவேண்டும்.

"அங்கிட்டு கரண்டு இருக்கா?"

"இருக்கு மதினி."

"இங்கிட்டு போயிருச்சு. அரை மணி நேரமாச்சு." பிறகு, "அந்தப் பய வீட்டுக்கு வந்துட்டானா?" என்றார்.

சீரியலில் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போன மூத்த மகனைத்தான் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. "வந்துட்டான் மதினி. வாசல்லயே நிக்கிறான். அவ தண்ணி கொண்டாந்து குடுக்குறா."

"வாங்கிக் குடிச்சானா?"

"இன்னும் இல்ல. பாத்துக்கிட்டே நிக்கிறான்."

"குடிக்கட்டும்த்தா" என்றார்.

பாசமாகக் கூப்பிடுகிற அந்த 'த்தா' ஒன்பது வருடம் கழித்து வந்தது. போனை டிவி பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டு, நடுநடுவே நடப்பதைச் சொல்லிக்கொண்டே எட்டு மணிவரை நின்றேன். குளித்துவிட்டு வந்த கணவர் துண்டோடு நின்று பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் சமையலறைக்குள் போய்விட்டார்.

மறுநாள் கரண்டு இருந்தும் போன் வந்தது. அதற்கு மறுநாளும். எட்டு மணிக்கு அடிக்கும். கதையில் தொடங்கி வெற்றிலை விலை, முழங்கால் வலி, சென்னையில் வேலை பார்க்கிற என் மகள் என்று எங்கெங்கோ போகும். சடங்கைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

கைதட்டு வாங்கிய கதை

ஒரு வருடம் போயிருக்கும். திருமங்கலம் பக்கம் ஒரு மேடையில் எதை எடுத்துப் போட்டும் கூட்டம் அசையவில்லை. வாயில் வந்தது.

"எங்க பக்கத்து வீட்ல நடந்ததுங்க. ஒம்பது வருசமாப் பேசாத நாத்தனா. உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு போனவ. ஒருநா சாயங்காலம் போன் போட்டா. எதுக்கு? மனசு மாறிருச்சா? இல்லைங்க, கரண்டு போயிருச்சு. 'அந்தப் பய வீட்டுக்கு வந்துட்டானா?'"

மண்டபம் இடிந்து விழுந்ததுபோல ஒரு சிரிப்பு. நடுவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரோ படம் பிடித்துப் போட, அது போன் போனாகப் பரவியது. அதற்குப் பிறகு போகிற ஊரெல்லாம் அதையே கேட்டார்கள். நானும் ஊருக்கு ஊர் மெருகேற்றினேன். நாத்தனாருக்குக் கீச்சுக்குரல் கொடுத்தேன். மூக்கைச் சிந்தவைத்தேன். மதினியின் குரல் கீச்சுக்குரலே அல்ல.

மேடையில் கைதட்டு வாங்கிவிட்டு, எட்டு மணிக்கு வேனில் உட்கார்ந்துகொண்டே அவர் போனையும் எடுப்பேன். "பேசி முடிச்சாச்சா? தொண்ட கட்டிருக்கே. சுடுதண்ணி குடி" என்பார்.

மைக்கின் முன்னால்

இப்போது மண்டபத்துக்கு வருகிறேன்.

கழுத்தை வெட்டித் திருப்புகிற நடிப்பைச் செய்தேன். சிரித்தார்கள். மதினி சிரிக்கவில்லை. அடுத்து அந்தக் கதையைச் சொல்லவேண்டிய இடம். பின்வரிசையிலிருந்து ஒருவர், "டீச்சர், நாத்தனா" என்று குரல் கொடுத்தார்.

வேறு எதையாவது சொல்லி ஒப்பேற்றியிருக்கலாம். என் கையில் அதற்கும் சரக்கு இருந்தது. ஆனால் மதினி ரோஸ்மில்க் குடித்த பேப்பர் கப்பைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் மடிமீது வைத்து, பரீட்சை முடிவு வாசிக்கப்போவதைக் கேட்கிற பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். என்னால் முடியவில்லை.

"அந்தக் கதை பக்கத்து வீட்ல நடக்கல" என்றேன். "எங்க வீட்ல நடந்தது. அந்த நாத்தனா என் வீட்டுக்காரரோட அக்கா. அவங்க குரல் கீச்சுக்குரல் இல்ல. நான்தான் உங்க கைதட்டலுக்காக அப்பிடிப் பேசினேன்."

சிலர் இதுவும் நகைச்சுவையோ என்று சிரித்தார்கள். மேலே சொன்னேன். மகள், சடங்கு, பீரோவில் இருந்த பட்டுப்பாவாடை எல்லாம். "முடிவு சரிதான். இன்னைக்கும் அதேதான் செய்வேன். ஆனா அத்தைகிட்ட ஒரு வார்த்த கேக்காதது தப்பு. அவங்க வாசல்ல வந்து கேட்டப்பவும் நான் வாத்தியார் மாதிரிதான் பதில் சொன்னேன்."

என் அணித் தலைவர் என் சேலைத் தலைப்பை லேசாக இழுத்தார். நடுவர் மணியில் கை வைத்தவர், அடிக்காமல் எடுத்துக்கொண்டார்.

"அந்த சீரியல நான் நாலு வருசமாப் பாக்குறேன். கேலி பண்ணப் போயி மாட்டிக்கிட்டேன். அது என் நேரத்த முழுங்கல. ஒம்பது வருசத்த முழுங்குனது என் வாய்தான். நேத்து ராத்திரி அந்த மாமியார், இத்தன வருசத்துல மொதமொறையா, அந்த மருமகளப் பாத்து 'சாப்பிட்டியா'ன்னு கேட்டா. அம்புட்டுத்தான் காட்சி. நான் அழுதேன். என் அணி என்னைய மன்னிக்கணும்."

உட்கார்ந்துவிட்டேன். பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து கைதட்டல் வந்தது. கதை சொல்லி வாங்குகிற கைதட்டலைவிட அது குறைவுதான்.

நடுவர் கெட்டிக்காரர். "டீச்சர் சேம்சைடு கோல் போட்டுட்டாங்க" என்று கூட்டத்தைச் சிரிக்கவைத்து, செல்போனே என்று தீர்ப்பளித்தார். இறங்கும்போது என்னிடம் மெல்ல, "நல்லாத்தாம்மா பேசுனீங்க. ஆனா அணி மாறினா ஆட்டம் நடக்காதே" என்றார். அதற்குப் பிறகு அந்தக் குழுவிலிருந்து எனக்கு அழைப்பு வரவில்லை. அவர்மேல் எனக்கு வருத்தமும் இல்லை.

கேசரியும் ஒரு கோபமும்

டிபன் பந்தியில் மதினி பக்கத்து நாற்காலியில் மஞ்சள் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருந்தார். உட்கார்ந்தேன். இலையில் கேசரியும் வடையும் விழுந்தன.

"மதினி, நான் செஞ்சது தப்புத்தான்."

"தப்புத்தான்."

"அந்தக் கதைய நான் மேடையில—"

"அதச் சொல்லலத்தா. அத எம் மக போன்ல காட்டி ரெண்டு மாசமாச்சு."

எடுத்த வடையை இலையிலேயே திருப்பி வைத்தேன். "கோவம் வரலையா?"

"வராம? நடுவுல நாலு நாளு நான் போன் போடல, ஞாபகம் இருக்கா? காய்ச்சல்னு சொன்னேன்ல. காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல." வடையைப் பிய்த்தார். "அஞ்சாம் நாளு அவ தையக்கடை தொறந்தா. அதப்பத்தி யார்கிட்டப் பேசுறது? எங்க வீட்ல எவன் பாக்குறான்? அதான் போட்டேன்."

"சடங்கு விசயமும்..."

"அதையும் மைக்குலதான் சொல்லணுமா? போன்ல சொன்னா காசா கேக்குறாங்க?" என்றார். ஆனால் சொல்லும்போது அவர் கை என் இலையில் தன் கேசரியைத் தள்ளிக்கொண்டிருந்தது. சர்க்கரை வந்ததிலிருந்து அவர் இனிப்புத் தொடுவதில்லை.

"அப்ப எதத் தப்புங்கிறீக மதினி?"

மதினி என் பக்கம் நன்றாகத் திரும்பினார். "இன்னைக்கு உன் பேச்சக் கேக்க வரணும்னு, நேத்துச் சாயங்காலமே உக்காந்து இன்னைக்கு வேலையும் சேத்து அம்புட்டு வெத்தலையும் நானே அடுக்கிக் கட்டுனேன். முடிய ஒம்பது மணி. நேத்து நான் சீரியலு பாக்கல. மாமியா எப்பக் கேப்பா, எப்பக் கேப்பான்னு இத்தன வருசமாக் காத்துக்கெடந்தேன். நீ மைக்கப் புடிச்சு ஊருக்கே சொல்லிப்புட்ட."

சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு அவரிடமிருந்து போன் வராதது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேச்சைத் தயாரிக்கிற மும்முரத்தில் நான் அதைக் கவனிக்கவே இல்லை.

"மன்னிச்சிருங்க மதினி."

"மன்னிப்பு கெடக்கட்டும். கேட்டாள்ல, இவ என்ன சொன்னா? சாப்பிட்டேன்னாளா, சாப்பிடலன்னாளா?"

"ஒண்ணும் சொல்லல. அதுக்குள்ள தொடரும்னு போட்டுட்டாக."

மதினி முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. "அப்ப நாளைக்குத்தான் தெரியுமா?"

"ஆமா."

"நாளைக்கு நானே பாத்துக்கிறேன். நான் போன் போடுற வரைக்கும் நீ வாயத் தொறக்கக் கூடாது. தம்பிகிட்டயும் சொல்லி வையி."

மறுநாள் ஏழரைக்கு உட்கார்ந்தோம். என் கணவர் அன்று பேப்பரை எடுக்கவில்லை. அந்த மருமகள் பதில் சொன்னாள். என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுதமாட்டேன். நான் ஒருமுறை பட்டது போதும்.

முடிந்ததும் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தேன். மதினி மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் உறிஞ்சிய சத்தமும் அங்கே கேட்டிருக்கும். இரண்டு நிமிடம் அப்படியே இருந்தோம்.

"சரி, வைக்கிறேன்த்தா" என்றார்.

"சரி மதினி" என்றேன்.